அடுப்படிக்குப் போகவேண்டிய கைதட்டல்



மாணவர் விடுதிக்கு நிதி திரட்டும் கூட்டம் இது. மகாராஷ்டிரத்துக் கோலாப்பூரை விட்டுவிட்டு விடுதியைப் பற்றிப் பேச முடியாது. பள்ளிக்கூடம் திறந்தால் மட்டும் போதும் என்று அங்கே ஆட்சி செய்த சாகு மகாராஜா நினைக்கவில்லை. கிராமத்துப் பையன் படிக்க டவுனுக்கு வருகிறான். சரி, ராத்திரி எங்கே படுப்பான்? சாதி கேட்டுக் கதவைச் சாத்துகிற தெருவில் அவனுக்கு யார் திண்ணை கொடுப்பார்கள்? 1901-இல் விக்டோரியா மராத்தா விடுதி வந்தது. அடுத்தடுத்து ஜைனர், முஸ்லிம், லிங்காயத்துப் பிள்ளைகளுக்கு விடுதிகள். 1908-இல், ஊரே ஒதுக்கிவைத்த பிள்ளைகளுக்காக மிஸ் கிளார்க் விடுதி. மகாராஜா இடமும் மானியமும் தந்தார், சமூகத்தார் பணம் போட்டார்கள்.

"சாதிக்கு ஒரு விடுதியா?" என்று அங்கே ஒருவர் முணுமுணுக்கிறார். ஐயா, அதைத் தன் செயலாலேயே கேட்டான் ஒரு பையன்! ஜைன விடுதியில் தங்கிப் படித்த பாவ்ராவ் பாட்டீல். மிஸ் கிளார்க் விடுதி விழாவுக்குப் போய்வந்தவனை, குளித்துவிட்டு உள்ளே வா என்றார்களாம். குளிக்க முடியாது என்றானாம். விடுதியை விட்டே அனுப்பிவிட்டார்கள் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள்.

வளர்ந்த பிறகு விளக்குக் கம்பெனிக்கும் கிர்லோஸ்கர் கலப்பைக்கும் விற்பனையாளராக ஊர் ஊராக அலைந்தார் பாவ்ராவ். 1919-இல் காலே கிராமத்தில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்ற கல்வி அமைப்பைத் தொடங்கினார். 1924-இல் சாத்தாராவில் விடுதி. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் ஒரே கூரை, ஒரே பந்தி. 1927-இல் காந்தியே வந்து அதற்குச் சாகு மகாராஜாவின் பெயரைச் சூட்டினார்.

கைதட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தக் கைதட்டல் போகவேண்டிய இடம் அடுப்படி. அங்கே ஒரு அம்மா நின்றார். ஆசாரமான ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சமையற்கட்டுக்குள் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வந்தார்கள். பானையில் தானியம் தீர்ந்த நாட்களில் வளையல் போனது, சங்கிலி போனது. கடைசியில் தாலியும் போனது! புருஷன் வசூலுக்கு வெளியூர் போயிருப்பார், பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த அம்மா வேறு என்ன செய்வார்?

நம்மூரிலும் சில தர்மப் பிரபுக்கள் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம், பக்கத்து மேடையில் இருப்பவர்களுக்குப் புரியும். பிறந்தநாளைக்கு ஒரு வேளை பிரியாணி போடுவார்கள். பசியோடு இருக்கிற பிள்ளையை இலைக்கு முன்னால் உட்காரவைத்து, "கேமரா பார், சிரி" என்பார்கள். போட்டோகிராபர் வரத் தாமதமானால் சோறும் தாமதம்! புதுக் கட்டடம் என்றால் கல்வெட்டில் பத்துப் பதினைந்து பெயர். அப்புறம் ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். பெண் பிள்ளைகளின் குளியலறைக்குத் தாழ்ப்பாள் இருக்காது. வராந்தா பல்பு எரியாது. ராத்திரிக் காவலுக்கு ஆள் கேட்டால், "அதற்கு டோனர் கிடைக்கவில்லை" என்பார்கள். கிடைக்கமாட்டார்தான்! வாட்ச்மேன் சம்பளத்தில் யார் பெயரைப் பொறிப்பது?

இருங்கள், சிரிப்பு அடங்கட்டும். அந்த அம்மாவை அடுப்படியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமே.

அவர் பெயர் லட்சுமிபாய், பாவ்ராவின் மனைவி. 1930-இல் போய்விட்டார். தன் கையால் சோறு போட்ட விடுதி எவ்வளவு பெரிதாக வளரப்போகிறது என்று அவர் பார்க்கவில்லை. சாத்தாராவில் 1947-இல் சிவாஜி கல்லூரி திறந்ததையும், உழைத்துக்கொண்டே படிக்கும் திட்டத்தில் பிள்ளைகள் பட்டம் வாங்கியதையும் பார்க்கவில்லை. 1959-இல் கணவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது, அதையும் பார்க்கவில்லை. இன்று அந்தச் சன்ஸ்தாவுக்கு நூற்றுக்கணக்கில் பள்ளி, கல்லூரிகள். அத்தனைக்கும் கடைக்கால் ஒரு பெண்ணின் கழுத்தில் கிடந்த நகை!

பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நிற்கிறார். கட்டடத்துக்கு என்று எழுதாதீர்கள், கட்டடம் இருக்கிறது. சமையல் அம்மாள் சம்பளத்துக்கு, இரவுக் காவலுக்கு, கொசுவலைக்கு என்று எழுதுங்கள். கல்வெட்டு கேட்பவர்கள் தயவுசெய்து பக்கத்து மேடைக்குப் போய்விடுங்கள், அங்கே கல் நிறைய இருக்கிறது!