உலையில் பிறந்த நீலம்



இந்த மஸ்ஜித் இந்தியா வீதியின் புடைவைக் கடைகளில் எத்தனை வகை நீலம் உண்டென்று கேட்டால் ஒன்றுவிடாமல் சொல்லக்கூடிய அன்பர்கள் என்முன் அமர்ந்திருக்கிறார்கள். ஆனால், 1802இல் கோபால்ட் நீலம் பிறந்தபின் இருநூறு ஆண்டுகளில் இப்படியொன்று தோன்றவில்லை என்று நிறமறிந்தோர் போற்றும் புதிய நீலத்தை 2009இல் உலகுக்கு அளித்தவர், சென்னையில் பிறந்து, ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற மாஸ் சுப்பிரமணியன் என்பதை நம் மேடைகள் எத்தனை முறை சொல்லியிருக்கின்றன? நடிகருக்குப் பொன்னாடை உண்டு. ரசாயன விஞ்ஞானிக்கு ஒரு நல்வார்த்தையும் இல்லை!

அவர் நிறம் தேடிப் போனவர் அல்லர். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், காந்த குணமும் மின்குணமும் ஒரே பொருளில் கூடி நிற்குமா என்று ஆராய்ந்தவர். இட்ரியம் இண்டியம் ஆக்சைடு வெள்ளை. இட்ரியம் மாங்கனீஸ் ஆக்சைடு கறுப்பு. இரண்டையும் ஒன்றாக்கும் கலவையை ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட உக்கிரத்தில் சுட்டு, ஆராய்ச்சி மாணவர் ஒருவர் உலையைத் திறந்தார். வெள்ளையும் கறுப்பும் கூடிய இடத்தில், ஐயா, நீலம்!

அண்மையில் வேறொரு மேடையில் ஒருவர், பெயர் வேண்டாம், இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்றாராம். அதிர்ஷ்டமா? டூபாண்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் இருபதாண்டு உழைப்பு. 1988இல் பிஸ்மத், தாலியம் சேர்ந்த மீக்கடத்திகளின் அணுக்கட்டமைப்பை ஆராய்ந்து வெளியிட்ட ஞானம். இவற்றுக்கெல்லாம் அதிர்ஷ்டம் என்றா பெயர்? ஐந்து ஆக்சிஜன் அணுக்களின் நடுவே மாங்கனீஸ் வீற்றிருப்பதால்தான் சிவப்பும் பச்சையும் உள்ளே அடங்கி நீலம் மட்டும் நம் கண்ணுக்கு வருகிறது என்று காரணம் கண்டு சொல்வதற்கு அந்தக் குருட்டு அதிர்ஷ்டத்துக்குக் கண் உண்டா?

உலையைத் திறந்த அந்த மாணவரையும் என்னால் மறக்க முடியவில்லை. எதிர்பாராத நிறம் வந்ததே என்று பொடியைக் கொட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம், போகவில்லை. அந்த நீலம் சூரியனின் அகச்சிவப்பு வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது, எளிதில் மங்குவதில்லை. நடுப்பகலில் இந்த வீதியில் நின்றவர்களுக்கு, கூரையில் பூசிய வர்ணம் வெப்பத்தை விரட்டினால் அது எத்தகைய உபகாரம் என்று நான் விளக்க வேண்டுமா?

ஆகவே செயற்குழுவினரை வேண்டுகிறேன்: அடுத்த ஆண்டு விழாவின் முதற்பொன்னாடை, கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் பிள்ளைகளுக்கு ரசாயனம் கற்பிக்கும் ஓர் ஆசிரியருக்கே! பொன்னாடையை இவ்வீதி வணிகர்கள் தருவார்கள். இப்போது கைதட்டிய நீங்கள் அனைவரும் அதற்குச் சாட்சி!