ஜாமீன் கேட்க முடியாத சிறை

(அம்பத்தூர் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

தடா 1995ல் காலாவதியானது. பொடா 2004ல் ரத்தானது. ஆனால் 1982ல் தமிழக அரசு கொண்டு வந்த குண்டர் சட்டம் இன்றும் நம் தெருவில் நிற்கிறது. கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம் என்று தொடங்கிய அதன் பட்டியலில் 2004ல் திருட்டு வீடியோவும், 2006ல் மணல் திருட்டும், 2014ல் இணையக் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன.

குற்றவாளிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. தவறு செய்தவன் நம் வீட்டுப் பிள்ளையானாலும் தண்டனை பெறட்டும். ஆனால், விசாரணைக்குப் பிறகு பெறட்டும்! குண்டர் சட்டம் செய்த குற்றத்துக்குத் தண்டனை தருவதல்ல. 'இனியும் செய்வான்' என்று கருதி முன்கூட்டியே அடைப்பது. அதற்கு நீதிபதி தேவையில்லை. 2022 ஜனவரி முதல் ஆவடிக்குத் தனிக் காவல் ஆணையரகம் இருக்கிறது. ஆணையர் கையெழுத்திட்டால் ஓராண்டு வரை உள்ளே இருக்க நேரும். மூல வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் வெளியே வர முடியாது.

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து ஒரு தாய் என்னிடம் வந்தார். மகனைப் பிடித்து நாற்பது நாள். போலீஸ் கொடுத்த கட்டுக் காகிதம் பீரோ மேல் பிரிக்காமலே கிடந்தது. "வெளியே தெரிந்தால் மானம் போகுமே ஹஜ்ரத்" என்றார். மானத்துக்கு அஞ்சி நாற்பது நாளைத் தொலைத்துவிட்டோம்!

சகோதரர்களே, அந்தக் காகிதம்தான் சாவி. காவலில் வைத்த காரணங்களை ஐந்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பன்னிரண்டு நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள் விவகாரம் அறிவுரைக் குழுமத்துக்குப் போக வேண்டும். காவலில் வைத்த நாளிலிருந்து ஏழு வாரத்துக்குள் குழுமம் அறிக்கை தர வேண்டும். அங்கே வக்கீல் வைத்து வாதாடும் உரிமை இல்லை. ஆகவே, எழுத்தில் கொடுக்கும் முறையீடே நம் வாய்.

முறையீட்டை உடனே அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். முறையீட்டைப் பரிசீலிக்காமல் காரணமின்றித் தாமதித்தாலே காவல் உத்தரவு ரத்தாகலாம். ஆவணங்கள் புரியாத மொழியில் இருந்தால் தமிழில் கேளுங்கள். தமிழாக்கம் தராத குறைக்காகவே 1999ல் தமிழ்நாட்டுப் பெண் ஒருவரின் காவலை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சாதாரணச் சட்டமே போதும் என்ற நிலையில் தடுப்புக்காவல் செல்லாது என்று 2011ல் இன்னொரு தமிழ்நாட்டு வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. இவற்றையெல்லாம் காட்டி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! ஜனாஸாவுக்கு ஓடி வருகிறீர்கள், நிக்காஹ்வுக்கு ஓடி வருகிறீர்கள். போலீஸ் வந்து போன வீட்டுக்கும் அன்றைக்கே செல்லுங்கள். அந்தக் காகிதக் கட்டைப் பிரித்துப் படிக்க ஒருவரை உட்கார வையுங்கள். நாற்பதாம் நாள் காட்டும் அனுதாபத்தைவிட முதல் நாள் எழுதும் மனுவே அந்தப் பிள்ளைக்கு உதவும்.