கடல் கடந்த பணியும் கணக்குச் சீட்டும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இசையும் நாடகமும் இலக்கியப் பேச்சும் நிறைந்த இம்மேடையில் வருமான வரியைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் வழக்கறிஞன் அல்லன். பட்டயக் கணக்கனும் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்தவன். பயணப்படிப் பட்டியல்களைச் சரிபார்ப்பதே என் அன்றாடப் பணி. ஆயினும் என் குடும்பத்தில் நேர்ந்த ஓர் அனுபவம் இப்பொருளை எனக்குக் கற்பித்தது. அதை இங்குள்ள குடும்பங்களுக்குச் சொல்லாமல் விடுவது முறையன்று என்று கருதியே செயலாளர் அவர்களிடம் கால் மணி நேரம் கேட்டுப் பெற்றேன்.

பொருள் தேடிப் பிரிந்து செல்வதைப் பொருள்வயிற் பிரிவு என்று பெயரிட்டு இலக்கணம் வகுத்தது நம் மொழி. வங்காள நாகபுரி இரயில்வே இருந்த நாளில் தென்னாட்டை விட்டுக் கரக்பூர் வந்து குடியேறிய முன்னோர்களும் அவ்வழி வந்தவர்களே. அவர்கள் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் கம்பெனியின் ஆணைப்படி ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் சிங்கப்பூருக்கும் விமானம் ஏறுகிறார்கள். பிரிவுத் துயர் அதேதான். வரிக் கணக்குத்தான் புதிது.

முதலில் நமக்குப் பழகிய ஒன்றிலிருந்து தொடங்குவோம். இரயில்வே ஊழியருக்கு மாற்றல் வந்தால் என்ன கிடைக்கிறது? குடும்பத்துக்குப் பாஸ் கிடைக்கிறது. சாமான்களை ஏற்றிச் செல்ல வசதி கிடைக்கிறது. இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஊருக்குக் குடிபெயர்ந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 80 விழுக்காடு மாற்றல் மானியமும் கிடைக்கிறது. இம்மானியத்துக்கு வரி உண்டா? பயணத்துக்கும், சாமான்களைக் கட்டி அனுப்புவதற்கும் உண்மையில் செலவான அளவுக்கு வரி இல்லை. மீதம் கையில் நின்றால் அது ஊதியத்தோடு சேரும். கம்பெனி தன் ஊழியரை வெளிநாட்டுக்கு மாற்றும்போது தரும் பயணப்படிக்கும் இதுவே விதி. கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்பதன்று கேள்வி. எவ்வளவு செலவாயிற்று என்பதே கேள்வி. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்க்கும் இந்த விலக்கு உண்டு.

இவ்விதியை அறியாமல் என் குடும்பம் இழந்ததைச் சொல்லுகிறேன்.

என் தம்பி ஒரு கம்பெனியில் பொறியாளன். 2022 நவம்பர் 10 ஆம் நாள் அவனை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். குடிபெயரும் செலவுக்கென்று 2,50,000 ரூபாயை மொத்தமாகக் கொடுத்தார்கள். “அண்ணா, இது கம்பெனி இனாம், இதற்குக் கணக்கில்லை” என்றான். நானும் தலையசைத்தேன். மனைவிக்கும் குழந்தைக்கும் பயணச் சீட்டு, சாமான் கட்டணம் என்று பெரும்பகுதி செலவாகிவிட்டது. ஆண்டு முடிவில் கம்பெனி ரசீதுகளைக் கேட்டது. அவனிடம் அகப்பட்டவை 70,000 ரூபாய்க்கு மட்டுமே. மீதி 1,80,000 ரூபாய் ஊதியத்தோடு சேர்க்கப்பட்டது. அவன் இருந்த வரிப்படியில் 30 விழுக்காடு வரி 54,000 ரூபாய். அதன்மேல் 4 விழுக்காடு தீர்வை 2,160 ரூபாய். ஆக 56,160 ரூபாய்.

அத்தொகை எங்கள் அம்மாவின் கண் அறுவைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது. அறுவை நான்கு மாதம் தள்ளிப்போயிற்று. தொலைபேசியில் நானும் தம்பியும் ஒருவரையொருவர் குறை கூறிக்கொண்டபோது அம்மா குறுக்கிட்டு, “என் கண் காத்திருக்கும். நீங்கள் இருவரும் வார்த்தையை வளர்க்காதீர்கள்” என்றார்கள். பிறர் அனுப்பும் பட்டியலில் ஒரு ரசீது குறைந்தாலும் திருப்பி அனுப்புகிறவன் நான். என் வீட்டுக் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்பதே அன்று என்னை வருத்தியது.

அன்பர்களே, ரசீது முதற் பாடம். இரண்டாம் பாடம் நாள் எண்ணிக்கை.

நம் நாட்டு வருமான வரி, ஒருவர் இந்நாட்டின் குடிமகனா என்று முதலில் கேட்பதில்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரையுள்ள ஆண்டில் எத்தனை நாள் இங்கே இருந்தார் என்றே கேட்கிறது. வேலைக்காக வெளிநாடு புறப்படும் இந்தியக் குடிமகன் அவ்வாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்திருந்தால் அவர் இங்கு வசிப்பவர். இங்கு வசிப்பவரின் உலக வருமானம் முழுவதும் இந்திய வரிக்கு உட்படும். 182 நாளுக்குக் குறைந்தால் அவர் வசிக்காதவர்; வெளிநாட்டில் உழைத்து அங்கேயே பெறும் ஊதியத்துக்கு இங்கு வரியில்லை.

என் தம்பி புறப்பட்ட நாளையும் சேர்த்து எண்ணினால் அவன் இங்கிருந்தது 224 நாள். ஆகவே, நவம்பர் முதல் மார்ச் வரை ஜெர்மனிக் கிளை தந்த ஊதியமும் இங்கே கணக்கில் ஏறியது. செப்டம்பர் 28 ஆம் நாள் புறப்பட்டு, அவ்வாண்டில் திரும்பி வராதிருந்தால் 181 நாளோடு நின்றிருக்கும். அந்த ஊதியம் இந்திய வரிக்கு உட்பட்டிராது. பயண நாளைக் கம்பெனிதான் குறிக்கிறது, உண்மை. ஆயினும் சில நாட்களே வேறுபாடு என்னும்போது மேலாளரிடம் பணிவாகக் கேட்பதில் தவறில்லை. பொங்கலுக்கு ஒரு முறை வந்து போகும் நாட்களும் இந்த எண்ணிக்கையில் சேரும் என்பதைத் தாய்மார்கள் நினைவில் கொள்ளவேண்டும். வருக என்று அழையுங்கள்; நாளை எண்ணிவிட்டு அழையுங்கள்.

ஒரே ஊதியத்துக்கு இரு நாட்டிலும் வரி கட்டுவதா என்று கேட்பீர்கள். இதற்காகவே இந்தியா பல நாடுகளோடு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துள்ளது. ஜெர்மனியும் இங்கிலாந்தும் சிங்கப்பூரும் அவற்றுள் அடங்கும். அங்கே கட்டிய வரி, அதே வருமானத்துக்கு இங்கே விழும் வரி ஆகிய இரண்டில் எது குறைவோ அதை இங்கு கழித்துக்கொள்ளலாம். ஆனால் கழிவு தானாக வந்து சேராது. அங்கே வரி கட்டியதற்குச் சான்று வேண்டும். அதற்குரிய படிவத்தையும் செலுத்தவேண்டும். தம்பி ஜெர்மனி ஊதியத்தை ஒழுங்காகக் காட்டியிருந்தான். அந்நாளில் படிவம் 67 என்று வழங்கியதைச் செலுத்த மறந்திருந்தான். கழிவு மறுக்கப்பட்டது. 2024 மார்ச் 31 வரை தவணை இருப்பதை ஜனவரியில் அறிந்தோம். சான்றை வரவழைத்துப் படிவத்தைச் செலுத்தி, திருத்தம் கோரி விண்ணப்பித்தோம். கழிவு கிடைத்தது. ரசீதில் இழந்தோம், படிவத்தில் தப்பினோம்.

மூன்றாம் பாடம், திரும்பும் ஆண்டு. புறப்படும் ஆண்டை எண்ணுகிறவர்களும் திரும்பும் ஆண்டை மறந்துவிடுகிறார்கள். தம்பி 2024 ஜூலை 5 ஆம் நாள் திரும்பினான். அன்று முதல் மார்ச் முடிய 270 நாள். மறுபடியும் இங்கு வசிப்பவன் ஆனான். ஏப்ரல் முதல் ஜூலை வரை ஜெர்மனியில் பெற்ற ஊதியமும் இங்கே கணக்கில் ஏறியது. இம்முறை சான்றும் படிவமும் உரிய காலத்தில் சென்றன. மேலும், அங்கே மூடாமல் விட்டுவந்த வங்கிக் கணக்கையும் இங்குள்ள வரி அறிக்கையில் காட்டவேண்டும். காட்டத் தவறினால் 2015 ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. நிலமும் வீடும் அல்லாத வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் முதல் தளர்த்தியிருக்கிறார்கள். காட்டும் கடமையைத் தளர்த்தவில்லை.

ஓர் ஐயத்தையும் நீக்கிவிடுகிறேன். தூதரகத்தில் பணிபுரியும் உறவினருக்கு வெளிநாட்டுப்படி முழுவதும் வரியின்றிக் கிடைக்கிறதே, நம் பிள்ளைக்கு ஏன் இல்லை என்று சிலர் கேட்கிறார்கள். அந்த விலக்கு, வெளிநாட்டில் சேவை செய்யும் இந்தியக் குடிமகனுக்கு அரசே தரும் படிகளுக்கு மட்டும் உரியது. கம்பெனி தரும் படிக்கு அது இல்லை. நம் இரயில்வே துறையைச் சேர்ந்த ரைட்ஸ், இர்கான் போன்றவை அரசுக்குச் சொந்தமானவையே. எனினும் சட்டத்தின் கண்ணில் அவையும் கம்பெனிகளே.

1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து 2025 ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்துள்ளது. பிரிவு எண்கள் மாறின, படிவங்களும் மாறும். ஆனால் செலவுக்குச் சீட்டு, இருப்புக்கு நாள், கட்டிய வரிக்குச் சான்று என்னும் மூன்றும் மாறவில்லை.

முடிவாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் கடல் கடக்கும்போது ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக்கொடுப்பீர்கள். அவற்றோடு ஒரு காகித உறையும் கொடுங்கள். பயணச் சீட்டு, சாமான் ரசீது, விடுதிப் பில், கடவுச்சீட்டில் குத்திய முத்திரைகளின் நகல், சம்பளச் சீட்டு, அந்நாட்டு வரிச் சான்று யாவும் அதில் சேரட்டும். அதன் இன்னொரு படியை வீட்டில் இருப்பவர் வைத்துக்கொள்ளட்டும். தொகை பெரிதானால் தேர்ந்த கணக்காளரிடம் செல்லுங்கள். அவரிடமும் வெறுங்கையோடு செல்லாதீர்கள்.

எங்கள் அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. தம்பி திரும்பி வந்தபோது கொண்டுவந்த ரசீதுக் கட்டைத் தாமே பிரித்து, “இப்போது எழுத்துத் தெரிகிறது” என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார்கள். இன்று அவர்கள் முதல் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.