அறிவிப்பு தெருமுனை வரைக்கும்தான் வரும்!

தலைப்பு: பேரிடர்க் காலத்தில் நம்மைப் பெரிதும் காப்பது அரசின் அறிவிப்பே! அக்கம்பக்கத்தாரின் ஆயத்தமே!
(விருதுநகரில் நடந்த பட்டிமன்றத்தில், 'ஆயத்தமே' என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் இடியாய் முழங்கிவிட்டு, இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! காமராசர் பிறந்த இந்த மண்ணில், வேலை முடிந்து வந்த களைப்பையும் பார்க்காமல் திரண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எதிரணித் தலைவி சகோதரி அவர்கள் ரொம்ப அழகாகப் பேசினாங்க. "செயற்கைக்கோள் இருக்கு, ரேடார் இருக்கு, செல்போன்ல செய்தி வருது, இதுக்கு மேல என்னய்யா வேணும்?" என்று கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா நான் ஒண்ணு கேட்கிறேன். மழை அறிவிப்பு வந்தால் நம்ம வீடுகளில் முதலில் கேட்கிற கேள்வி என்ன? "கண்மாய்க் கரை தாங்குமா?" இல்லை. "நாளைக்கு லீவா?" அதுதானே! (சிரிப்பு)

எங்கள் தெருவில் ஒரு பையன். பாடத்தில் ஒரு வரி மனப்பாடம் ஆகாது. ஆனால் எந்த மாவட்டத்துக்கு லீவு, எந்த மாவட்டத்துக்கு லீவு இல்லை என்பதை வரிசை மாறாமல் ஒப்பிப்பான். அவங்க அம்மா இன்னும் ஒரு படி மேலே. "ஆரஞ்சு எச்சரிக்கை விட்டிருக்காங்க" என்று செய்தியில் சொன்னவுடனே, "ஏன், விலை ஏறிடுச்சா?" என்று கேட்டாங்க! (சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனா இதில் ஒரு வேதனை இருக்கிறது, நடுவர் அவர்களே. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு. இவ்வளவுதான் பொருள். வானிலைக்காரர்கள் 'மிக கனமழை' என்று சொன்னால், ஒரே நாளில் சுமார் 12 சென்டிமீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டர் வரை. அதற்கு மேலே போனால் 'அதி கனமழை'. அவர்கள் அளந்து சொல்கிறார்கள். நாம் அதை லீவு விடுகிற சங்கதியாகக் கேட்கிறோம். சொல்கிறவர் ஒரு மொழி, கேட்கிறவர் ஒரு மொழி. நடுவில் யார் மொழிபெயர்ப்பது?

எதிரணி நண்பர் ஒருவர் தனுஷ்கோடியைச் சொன்னார். 1964 டிசம்பர் 22 இரவு. புயலும் கடலும் சேர்ந்து ஊரையும் கொண்டுபோனது, பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் கொண்டுபோனது. அன்றைக்கு இந்த விருதுநகரும் அந்தத் தனுஷ்கோடியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம். "இன்றைய அறிவிப்பு வசதி அன்றைக்கு இருந்திருந்தால்?" என்று அவர் கேட்டபோது எனக்கும் தொண்டை அடைத்தது. அறிவிப்பு வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அறிவிப்பு விதை. ஆனா விதை பாறையில் விழுந்தால் முளைக்குமா, மண்ணில் விழுந்தால் முளைக்குமா? அந்த மண்தான் ஆயத்தம்!

சரி, நம்ம காலத்துக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18. தூரமில்லை, நம்ம தெற்கே தூத்துக்குடி மாவட்டம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை! நம்ம விருதுநகர் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே சராசரியாக 80 சென்டிமீட்டர் சுற்றுவட்டம்தான். நமக்கு ஒரு வருஷத்தில் வருகிற விருந்தாளி, அங்கே ஒரே நாளில் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார். பிறகு என்ன நடந்தது? "நாங்கள் எச்சரித்தோம்" என்றது வானிலைத் துறை. "இவ்வளவு பெய்யும் என்று சொல்லவில்லையே" என்றது மாநில அரசு. அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நமக்கு ஒரு நடுவர் போதும்!

ஆனால் அதே இரவில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றது. தண்டவாளத்துக்குக் கீழே இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துவிட்டது. ரயிலை மேலே போகவிடாமல் நிறுத்தி வைத்தார்கள். அதனால் ஏறத்தாழ 800 உயிர் தப்பியது. சுற்றிலும் தண்ணீர். உள்ளே குழந்தைகள், வயசானவர்கள். ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் அவர்களுக்குச் சோறு போட்டது யார்? பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள்! தங்கள் வீட்டிலேயே வெள்ளக் கவலை இருக்கும்போது, கையில் இருந்த அரிசியைப் பொங்கிப் போட்டார்கள். அந்த அரிசியை எந்த அறிவிப்பு கொண்டுவந்தது? (கைதட்டல்)

இன்னொன்று சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, சுனாமி. புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்று ஒரு மீனவர் ஊர். அந்த ஊர்ப் பையன் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். வீட்டில் இருந்தவர்கள், கடல் தண்ணீர் உள்ளே வருது என்றார்கள். "ஓடுங்க, எல்லோரையும் ஓடச் சொல்லுங்க" என்றார். அந்த ஊரில் தகவல் மையம் ஒன்று இருந்தது. அதில் ஒலிபெருக்கி இருந்தது. தினமும் மீனவர்களுக்கு அலைச் செய்தி சொல்வதற்காக வைத்தது. பூட்டை உடைத்து உள்ளே போய் அதிலே சொன்னார்கள். ஆயிரக்கணக்கான சனம் தப்பியது. எதிரணியினர் சொல்வார்கள், "பார்த்தீர்களா, அதுவும் அறிவிப்புதானே!" என்று. அம்மா, செய்தி சிங்கப்பூரிலிருந்து வந்தது. ஆனால் ஒலிபெருக்கி ஊருக்குள்ளே ஏற்கெனவே இருந்ததே, அது ஆயத்தம்! எங்கே இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருந்ததே, அது ஆயத்தம்! அந்தக் குரலைச் சனம் நம்பியதே, அது ஆயத்தத்திலும் பெரிய ஆயத்தம்!

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். இந்தக் கந்தக பூமிக்கு வானிலை என்பது வெறும் குடை எடுப்பதா வேண்டாமா என்கிற சங்கதி இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். வந்து பார்த்தால், விவசாயத்துக்கு எது பாவமோ அதுவே இந்தத் தொழிலுக்கு வரம். மழை குறைவு, வெயில் அதிகம்! வானம் பொய்த்த ஊரில் வானவேடிக்கை பிறந்தது. ஆனால் தீபாவளி எப்போது வருகிறது? ஐப்பசியில். இடியும் மழையும் எப்போது வருகிறது? அதே ஐப்பசியில்! பட்டாசு ஆபீஸில் வேலை நெரிகிற நேரமும், வானத்தில் மேகம் நெரிகிற நேரமும் ஒன்று.

வெடிபொருள் விதிகள் என்ன சொல்கிறது? இடி மின்னல் நேரத்தில் வேலையை நிறுத்து, ஆளை வெளியேற்று, பாதுகாப்பான தூரத்துக்குப் போ. மின்னல் வரப்போகிறதா என்று சொல்வதற்குத் 'தாமினி' என்று ஒரு செயலியும் இருக்கிறது. ரொம்ப நல்லது. ஆனால் மருந்து செலுத்துகிற அறைக்குள் செல்போன் கொண்டுபோகலாமா? கூடாது! அப்போ அந்தச் செயலி யாருக்குச் சொல்லும்? வாசலில் வாங்கி வைத்த பெட்டிக்குள்ளே கிடந்து, ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும்! (சிரிப்பு) உள்ளே இருக்கிற அக்காவுக்கு யார் சொல்வது? ஒரு மனுஷன்தான் சொல்ல வேண்டும். ஒரு மணிதான் அடிக்க வேண்டும்.

செயலி இல்லாவிட்டாலும் கணக்கு ஒன்று இருக்கிறது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வேலையைப் போட்டுவிட்டுப் பத்திரமான இடத்துக்குப் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் திரும்பாதீர்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

ஆனால் இங்கேதான் ஒரு முடிச்சு. அந்த அக்கா வாங்குவது பீஸ் ரேட்டு. எத்தனை செய்தாளோ அத்தனைக்குக் கூலி. அரை மணி நேரம் வெளியே வந்து உட்கார்ந்தால், அந்த அரை மணிக் கூலி யார் கொடுப்பது? வானம் அவளைப் பார்த்து "வெளியே வா" என்கிறது. வயிறு "உள்ளேயே இரு" என்கிறது. எந்த அறிவிப்பும் இந்த வழக்கைத் தீர்க்காது, நடுவர் அவர்களே! முதலாளியும் தொழிலாளியும் மழை வருவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து, "இடி இடித்தால் வேலை நிற்கும், கூலி நிற்காது" என்று பேசி முடித்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பெயர்தான் ஆயத்தம்! (பலத்த கைதட்டல்)

மழை நின்ற பிறகும் வேலை இருக்கிறது. கூரை ஒழுகி அலுமினியப் பவுடர் நனைந்திருந்தால் அது சும்மா கிடக்காது. ஈரம் பட்டால் வினை நடந்து சூடேறும். எரிகிற வாயுவும் வரும். "காய வைத்து நாளைக்குப் பயன்படுத்திக்கலாம்" என்று நினைத்தால் நாளை என்பதே இருக்காது. அதை உடனே போர்மேனிடம் சொல்ல வேண்டும். நாமாகக் கைவைக்கக் கூடாது.

இப்போது எதிரணி சகோதரி கேட்ட கடினமான கேள்விக்கு வருகிறேன். "அக்கம்பக்கம், அக்கம்பக்கம் என்கிறீர்களே, முதலிப்பட்டியில் என்ன ஆச்சு?" என்று கேட்டாங்க. அரங்கமே அமைதியாகிவிட்டது. அமைதியாகத்தான் வேண்டும். 2012 செப்டம்பர் 5. சிவகாசி பக்கத்தில் முதலிப்பட்டி. பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. சுற்றுவட்டாரச் சனம் ஓடி வந்தது. பார்க்க வந்தவர்கள் உண்டு, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை இழுத்துப் போடலாம் என்று வந்தவர்கள் உண்டு. அடுத்துப் பெரிய வெடிப்பு. 38 பேர் போனார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை.

சகோதரி இதை வைத்து, "அக்கம்பக்கத்தாரின் அன்பு காப்பாற்றவில்லையே" என்றாங்க. உண்மை, அம்மா. அன்பு மட்டும் காப்பாற்றாது. என் தலைப்பு அன்பு இல்லை, ஆயத்தம்! அந்தச் சனத்துக்கு ஈரம் இருந்தது, துணிச்சல் இருந்தது. "முதல் வெடி முடிவு இல்லை, அடுத்தது வரும், தள்ளி நில்" என்று யாரும் முன்னால் சொல்லித்தரவில்லை. ஓடி வந்து தூக்குவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டுமோ, தள்ளி நிற்பதற்கு அதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும். அதைப் பயிற்சிதான் கொடுக்கும். அதற்குப் பிறகும் 2021-இல் அச்சன்குளம், 2024-இல் செங்கமலப்பட்டி என்று பெயர்ப் பட்டியல் நீண்டுகொண்டேதான் போகிறது. வரும் முன்னே காத்துக்கொள்ளாதவன் கதியை, நெருப்புக்கு எதிரே கிடக்கிற வைக்கோலோடு ஒப்பிட்டார் வள்ளுவர். நம்ம ஊருக்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது!

நம் முன்னோருக்கு இது தெரியாததா? கண்மாய் வெட்டியவன் கலுங்கும் சேர்த்துக் கட்டினான். மிஞ்சின தண்ணீர் எந்த வழியே போகவேண்டும் என்று மழைக்கு முன்னாலேயே முடிவு செய்தான். மடைக்கு ஓர் ஆள், கரைக்குக் குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் வேலை. இன்றைக்குக் கலுங்கு எது என்று கேட்டால், "அதுவா, ப்ளாட் போட்டுட்டாங்களே" என்கிறான்! இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில், கால் சுடுகிற மணலைப் பார்த்துவிட்டு ஆறு செத்துப்போச்சு என்று நினைக்கிறோம். மேற்கே மலையில் பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வரும். 2015 மே மாதம் சதுரகிரி மலையில் அப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து, சாமி கும்பிடப் போன பக்தர்கள் உயிரிழந்தார்கள்.

ஒடிசாவைப் பாருங்கள். 1999 பெரும்புயலில் கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தார்கள். அப்போதும் எச்சரிக்கை இருந்தது. 2013-இல் பைலின் புயல் வந்தது. இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. என்ன மாறியது? ஊருக்கு ஊர் புயல் காப்பகம் கட்டினார்கள், குழு அமைத்தார்கள், ஒத்திகை பார்த்தார்கள். எந்தக் கிழவியை யார் தூக்கிவர வேண்டும் என்பது வரைக்கும் முன்பே பேசி வைத்த ஊர்கள் உண்டு. சுமார் பத்து லட்சம் பேர் இடம் மாறினார்கள். அறிவிப்பு கேட்டுக் கால் நடந்தது என்றால், நடக்கிற பாதை முன்பே தயாராக இருந்தது!

முடிக்கிறேன், நடுவர் மணியடிக்கப் போகிறார். வீட்டுக்குப் போனதும் செய்யவேண்டியது நாலே விஷயம். ஒன்று, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, ஆம்புலன்சுக்கு 108. இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதுங்கள், பாட்டி கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. இரண்டு, ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகள் சர்டிபிகேட்டு எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். மூன்று, தீப்பட்டால் மை ஊற்றாதீர்கள், பேஸ்ட் தடவாதீர்கள்; இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டி, சுத்தமான துணியால் மூடி, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நாலு, உங்கள் தெருவில் நடக்க முடியாதவர் யார், காது கேட்காதவர் யார், தனியாக இருப்பவர் யார் என்று இன்றைக்கே பேர் எழுதி, ஒவ்வொரு பேருக்கும் எதிரே ஓர் ஆள் பேர் எழுதுங்கள்.

அரசின் அறிவிப்பு ராக்கெட் வேகத்தில் வரும். சந்தோஷம், வரட்டும். ஆனால் அது தெருமுனை வரைக்கும்தான் வரும். தெருமுனையிலிருந்து, காது கேட்காத அந்தப் பாட்டியின் கட்டில் வரைக்கும் ஒரு மனுஷன்தான் நடந்து போகவேண்டும். அந்தக் கடைசி முப்பது அடிக்குப் பெயர்தான் ஆயத்தம். அதற்கே தீர்ப்பு வழங்க வேண்டும் என்று நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.