கதவில்லாத வீடு



மனிதனைக் காப்பது பிறப்பா, முயற்சியா? இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை, "எல்லாம் ரத்தத்திலேயே எழுதியிருக்கு"ன்னு சொல்லிட்டுப் போய் உட்கார்ந்துட்டாங்க. சரிம்மா, ரத்தத்தையே எடுத்துக்குவோம்!

நியூயார்க்கில் ஸ்டீபன் குரோன் என்று ஒருவர் இருந்தார். 1982-ல் அவருடைய துணைவர் எய்ட்ஸ் நோயால் இறந்தார். பிறகு நண்பர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். இவருக்கு மட்டும் தொற்றவே இல்லை! 1996-ல் காரணம் தெரிந்தது. எச்.ஐ.வி. கிருமி நம் வெள்ளை அணுவுக்குள் நுழைய, பெரும்பாலும் சி.சி.ஆர்.5 என்ற கதவு வேண்டும். அந்தக் கதவைச் செய்கிற மரபணுவில் இவருக்கு 32 எழுத்தைக் காணோம். அப்பா கொடுத்ததிலும் இல்லை, அம்மா கொடுத்ததிலும் இல்லை. கதவே இல்லாத வீட்டுக்குள்ளே திருடன் எப்படிய்யா வருவான்? (சிரிப்பு, கைதட்டல்)

"பார்த்தீங்களா, பிறப்புதான்!" என்று எதிரணி கைதட்டுகிறது. அவசரப்படாதீங்க. அந்த வரம் வட ஐரோப்பிய வம்சத்தாரிலேயே நூற்றுக்கு ஒருவருக்குத்தான். நம் நாட்டில் மிக மிக அரிது. அந்த ஒருவருக்கும் முழுக்காவல் கிடையாது. வேறு கதவைத் தட்டுகிற எச்.ஐ.வி.யும் உண்டு.

அப்போ மற்றவங்க கதி? அங்கேதான் நடுவர் அவர்களே, முயற்சி வருகிறது! அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட மராவிராக் என்று ஒரு மருந்தைச் செய்தார்கள். 2007-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. நூற்றில் ஒருவருக்கு இயற்கை செய்ததைப் பார்த்து, மனுஷன் மாத்திரை செஞ்சுட்டான்! (பலத்த கைதட்டல்)

ஒன்றை வெட்கத்தோடு சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒருவருக்கு இந்த நோய் வந்தது. "அவன் தலையெழுத்து" என்றோம். தனி டம்ளர் வைத்தோம். நானும் வைத்தேன். டம்ளரால் எச்.ஐ.வி. பரவாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட எனக்குத் தோணலை. அவரை ஒதுக்கியது விதியா? இல்லீங்க, நாங்க.

இன்றைக்கு மருந்தை நாள் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவால் துணைக்குத் தொற்றாது. கர்ப்பிணித் தாய் முறையாக மருந்து எடுத்தால், பெரும்பாலும் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம்.

ரத்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது நம் கையில் இல்லை. பரிசோதனைக்குப் போகிற காலும், மாத்திரை எடுக்கிற கையும், பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே டம்ளரில் காபி கொடுக்கிற மனசும் நம்முடையது. காப்பது முயற்சியே என்று தீர்ப்பளியுங்கள் எனக் கேட்டு, விடைபெறுகிறேன்.