பத்தடித் தொலைவில் இரு திரைகள்

திருப்பதியில் 2018-ஆம் ஆண்டு ஷியோமிக்காக டிக்சன் நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கியது. மலிவுப் பெட்டிகள் நமக்கு அண்டை ஊர்ச் சரக்காயின. சித்தூர்க் கடையொன்றில் 32 அங்குலப் பெட்டிகள் இரண்டை ஒப்பிட்டோம்.

ஒன்றில் புள்ளிகள் ஏறத்தாழ 10 லட்சம். விலை மிகுந்ததில் 20 லட்சம். அருகே நின்றால் எழுத்தின் தெளிவு வேறுபட்டது உண்மையே. பத்தடி தள்ளி அமர்ந்ததும் அவ்வேறுபாடு மறைந்தது. அத்தொலைவில் அப்புள்ளிகளைக் கண் பிரித்தறிவதில்லை.

பக்கவாட்டில் நோக்கியபோதோ, விலை மிகுந்ததன் கருமை வெளுத்தது, முகங்கள் நிறமிழந்தன. அது ‘வி.ஏ.’ வகைத் திரை. நேரே பார்ப்பவர்க்கு அதன் கருமை ஆழ்ந்தது; இருட்டறையில் தனியே படம் காண்பவர் அதையே வாங்கலாம். மற்றதன் ‘ஐ.பி.எஸ்.’ திரையில் நிறம் அவ்வளவாக மாறவில்லை. கதவோரம் பாய் விரித்து அமரும் பாட்டிக்கும் படம் தெரிய வேண்டுமே! விலை குறைந்ததையே வாங்கினோம்.