வாதியும் பிரதிவாதியும் ஒருவரேயானால்?

(பசறையில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



கொழுந்து நிறுக்குமிடத்தில் கணக்கப்பிள்ளை தம் வீட்டார் பறித்த கொழுந்தைத் தாமே நிறுத்து, தாமே புத்தகத்தில் எழுதி, தாமே சரியென்று ஒப்பமிடுவாரானால், அந்த நிறையை இம்மலையில் ஒருவரும் நம்பமாட்டார். அவர் களவு செய்தார் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. தராசும் பேனாவும் ஒரே கையில் இருப்பதே போதும். இந்த எளிய நியாயத்தை ஒரு நாட்டின் தலைவருக்குப் பொருத்திப் பார்க்கவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

2026 ஜனவரி 29ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப், தம் புதல்வர் இருவருடனும் தம் நிறுவனத்துடனும் சேர்ந்து, புளோரிடாவிலுள்ள சமஷ்டி நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தாக்கல் செய்தார். பிரதிவாதிகள் யார்? அவருடைய ஆட்சியின் கீழுள்ள இறைவரித் திணைக்களமும் திறைசேரியும்! கோரிய நட்டஈடு குறைந்தது 1,000 கோடி டொலர். இதற்கு முன்னரே, நீதித் திணைக்களம் தம்மை விசாரித்ததற்காக 23 கோடி டொலர் கோரியிருந்தார் என்பது 2025 ஒக்டோபரில் வெளியாயிற்று. தமக்குத் தாமே பணம் கொடுக்கத் தீர்மானிப்பது விசித்திரமானதுதான் என்று அப்போது அவரே செய்தியாளரிடம் ஒப்புக்கொண்டார். கிடைத்தால் தருமத்துக்குக் கொடுப்பதாகவும் சொன்னார்.

நியாயமாகப் பேசுவோம். வரிக்கணக்கு விஷயத்தில் அவருடைய முறைப்பாடு கட்டுக்கதையன்று. ஒப்பந்த ஊழியர் ஒருவர் அவருடைய கணக்குகளைப் பத்திரிகைக்குக் கொடுத்தது உண்மை. 2024 ஜனவரியில் அவ்வூழியருக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டதும் உண்மை. அதே ஊழியரால் பாதிக்கப்பட்ட கென் கிரிபின் என்னும் பெருஞ் செல்வரும் வழக்குத் தொடுத்தார். 2024இல் வரித் திணைக்களம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க, அவ்வழக்கு முடிந்தது. அவர் எதிரே நின்றது அவருக்குக் கட்டுப்படாத ஓர் அரசாங்கம். டிரம்ப் அவர்களுக்கு எதிரே நின்றது யார்? அவர் நியமித்த, அவர் விலக்கக்கூடிய சட்ட அதிபரின் கீழுள்ள வழக்கறிஞர்கள். பணம் கொடுக்க வேண்டிய திறைசேரியின் தலைவரும் அவர் நியமித்தவரே. இந்நிலையில் வழக்கில் வெல்ல வேண்டியதுகூட இல்லை. "சமரசம்" என்ற ஒரு சொல் போதும். அத்தகைய பணத்தைக் கொடுக்க அந்நாட்டில் நிரந்தர ஒதுக்கீடு ஒன்று இருப்பதால், ஒவ்வொரு முறையும் காங்கிரசின் வாக்கும் தேவையில்லை. பதவியிலிருக்கும் ஜனாதிபதி அரசாங்கத்திடமிருந்து இவ்வாறு பணம் பெறுவதைத் தடுக்க வேண்டுமென்று ஜனநாயகக் கட்சியினர் மசோதாக்கள் கொண்டுவந்தது இதனால்தான்.

அமெரிக்காவின் வீட்டுச் சண்டை பசறைக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் வீட்டுக் கதவைப் பார்ப்போம்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 35ஆம் உறுப்புரை என்று ஒன்றுண்டு. ஒருவர் ஜனாதிபதியாக இருக்கும் வரை, உத்தியோக முறையிலோ தனிப்பட்ட முறையிலோ அவர் செய்த எதற்காகவும் அவர்மீது வழக்குத் தொடரலாகாது என்பது அதன் சாரம். 2015இல் வந்த 19ஆம் திருத்தம், அவருடைய உத்தியோகச் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி உயர் நீதிமன்றம் செல்லச் சிறு வாசல் திறந்தது. 2020இல் 20ஆம் திருத்தத்தின் மசோதா அதை மூட முயன்றது, ஆனால் நிறைவேறிய திருத்தத்தில் அவ்வாசல் மூடப்படவில்லை.  திறந்த ஐந்தாண்டுக்குள் ஒரு கதவை மூடப் பார்த்திருக்கிறார்கள்! 

குடிமகன் ஜனாதிபதிமீது வழக்குத் தொடுப்பதைப் பற்றி இத்தனை கவலை கொண்ட இந்த உறுப்புரை, ஜனாதிபதி அரசின்மீது வழக்குத் தொடுத்தால் என்ன என்பதைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. நம் நாட்டில் அரசுக்கெதிரான வழக்கு, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி, சட்டமா அதிபருக்கெதிராகவே தொடரப்படும். சட்டமா அதிபரை நியமிப்பவர், அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன், ஜனாதிபதி. நிதியமைச்சை ஜனாதிபதியே வைத்திருப்பதும் நமக்குப் புதிதன்று: மகிந்த ராஜபக்ச வைத்திருந்தார், ரணில் விக்கிரமசிங்க வைத்திருந்தார், 2024 முதல் அனுர குமார திசாநாயக்க வைத்திருக்கிறார். இவர்களில் எவர்மீதும் நாம் குற்றஞ் சுமத்தவில்லை. ஆனால் நாளை ஒருவர் வந்து தம் அரசின்மீது நட்டஈடு கோரினால், கேட்பவரும் அவர், எதிர்வாதிடுவோரை நியமித்தவரும் அவர், பணப்பெட்டியின் சாவியும் அவரிடம்.

சாதாரண மனிதன் அரசின்மீது வழக்காடினால் என்ன நடந்தது? கோடீஸ்வரன் என்னும் தமிழ் எழுதுவினைஞர், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாமைக்காக 1962இல் நிறுத்தப்பட்ட சம்பள உயர்வுக்காக நீதிமன்றம் சென்றார். சொற்ப ரூபாய்தான். மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. அரசகரும மொழிச் சட்டம் யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணென்றும் சொல்லிற்று. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிமீது வழக்குத் தொடர முடியாது என்று கூறி அதைத் தள்ளிற்று. 1969இல் இலண்டன் பிரிவி கவுன்சில், முடியும் என்று திருத்திற்று. மொழிச் சட்டத்தின் கேள்வியை மட்டும் இங்கே திருப்பியனுப்பிற்று. அக்கேள்விக்கு இன்றுவரை தீர்ப்பில்லை. இடையில் பிரிவி கவுன்சில் மேன்முறையீடும் போயிற்று. 1972இன் யாப்போடு 29ஆம் பிரிவும் போயிற்று. அரசு உத்தியோகத்தரின் தவறான செயலுக்காக அரசிடம் நட்டஈடு கேட்கும் உரிமையே 1969இன் 22ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர்தான் நமக்கு வந்தது.

தோட்டத்து மக்களுக்கு இது தூரத்து விஷயம் அன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992க்குப் பின் கம்பெனிகள் நிர்வாகம் செய்தாலும், லயம் நிற்கும் மண் பெரும்பாலும் அரசின் மண்ணே. ஆகவே நம் மக்கள் நியாயம் கேட்டுப் போனால் பல வேளை எதிரே நிற்பது அரசு. மாவட்ட நீதிமன்றத்தில் அரசின்மீது வழக்கு வைக்க ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அடிப்படை உரிமை மனுவென்றால் ஒரு மாதத்துக்குள் கொழும்பு செல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, உறவினரின் உடலைத் தேடி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தவர்களுக்கும் சட்டத்தில் எழுதியிருந்தது அந்த ஒரு மாதந்தான்.

ஆகையால் நாம் கேட்பது இது. பதவியிலிருக்கும் ஜனாதிபதி தம் சொந்த நலனுக்காக அரசிடம் பணங்கோரி வழக்குத் தொடரவோ, தொடங்கியதை நடத்தவோ, சமரசஞ் செய்யவோ கூடாது. அவருடைய உரிமையைப் பறிக்கும்படி நாம் சொல்லவில்லை, காத்திருக்கும்படியே சொல்கிறோம். இதற்கு வழியும் 35ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. ஜனாதிபதிமீது வழக்குள்ளவனுக்கு, அவர் பதவியிலிருக்கும் காலம் வழக்குத் தவணையில் கணக்கிடப்படாது என்று அது சொல்கிறது. அதாவது குடிமகன் காத்திருக்கிறான். கடிகாரமும் அவனுக்காக நிற்கிறது. அதே விதியை ஜனாதிபதிக்கும் எழுதுங்கள். பதவி நீங்கிய பின் அவர் வழக்காடட்டும். அப்போதும் சமரசமென்றால் தொகையும் காரணமும் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டு, நீதிபதியின் அனுமதி பெற வேண்டும்.

பதவி நீங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில், 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா செலுத்தக் கட்டளையிட்டது. பதவியை விட்டவுடன் காப்பு நீங்கியது. காப்பு நீங்குவது போலவே அவருடைய வழக்குரிமையும் அன்று உயிர் பெறட்டும்.

இது சமத்துவத்துக்கு மாறானது என்பார் சிலர். அரசுடன் ஒப்பந்தத்தில் நலனுள்ளவர் பாராளுமன்ற உறுப்பினராகலாகாது என்ற விதி சோல்பரி யாப்புக் காலத்திலேயே இருந்தது. அதைச் சமத்துவத்துக்கு விரோதமென்று யாரும் தள்ளவில்லை. பாலத்துக் குத்தகைக்காரனுக்குள்ள தடை, பாலத்துக்குப் பணம் கொடுப்பவருக்கு இருக்கலாகாதா?

தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது மற்றொரு வாதம். தேவை வரும் நாளில் சட்டம் கொண்டுவர முயன்றால், அது ஒரு மனிதருக்கு எதிரான சட்டமாகிவிடும். அவருடைய கட்சியார் அதை எதிர்ப்பர். அமெரிக்காவில் இன்று அந்தச் சங்கடந்தான். இங்கே எந்த ஜனாதிபதியும் இப்படி வழக்குத் தொடராதிருக்கும் வேளையிலேயே, எவர்மீதும் பகையின்றி இதை எழுதிவிடலாம். புதிய அரசியலமைப்புத் தருவோமென்று இவ்வரசாங்கம் 2024இல் வாக்களித்தது. அந்த வரைவில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.

மனு தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டு மேசைமேல் இருக்கிறது. பதுளை மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர் அனைவருக்கும், கட்சி பாராமல், அனுப்பப்படும். படித்துப் பார்த்து, உடன்பாடானால் ஒப்பமிடுங்கள். உடன்பாடில்லாவிடின் காரணத்தை எழுதிக் கொடுங்கள், அதையும் சேர்த்தே அனுப்புவோம்.